தகவலைக் காப்போர்க்கு வேண்டிய பயிற்சி

கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவர் வீடு வீடாகச் சென்று, கருவுற்ற தாய்மார்களின் பெயர், வயது, முன்னைய பிரசவங்கள், கண்ட நோய்கள் முதலியவற்றைக் குறித்துக்கொள்கிறார். பள்ளியில் மாணவர்களைச் சேர்க்கும் ஆசிரியர், பிறந்த தேதி, சாதி, பெற்றோரின் வருமானம், வங்கிக் கணக்கின் எண் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுகிறார். வேளாண்மை விரிவாக்கப் பணியாளர், நிலத்தின் பரப்பையும் விவசாயிக்குள்ள கடனையும் கேட்டறிகிறார். இம்மூவரிடமும் சென்று, 'நீங்கள் தகவல் சட்டத்தைக் கற்றதுண்டா?' என்று வினவினால், அது வழக்கறிஞர்களுக்கும் கணிப்பொறி வல்லுநர்களுக்கும் உரிய படிப்பென்றே பெரும்பாலும் விடை கூறுவர். எனினும், நாட்டு மக்களைப் பற்றிய விவரங்களுள் பெரும் பகுதி முதன்முதலாக எழுத்து வடிவம் பெறுவது இவர்களுடைய கையிலேயே ஆகும். பின்னர் அது எத்தனை கணிப்பொறிகளைக் கடந்து சென்றாலும், அதன் முதற் காவலர் இவர்களே.

தரவுப் பாதுகாப்பும் தகவல் சட்டமும் இன்று உலகெங்கும் தனித்ததொரு தொழிலாக வளர்ந்துள்ளன. அத்தொழிலுக்கெனப் பயிற்சிகளும், தேர்வுகளும், சான்றிதழ்களும் தோன்றியுள்ளன. இவை எவ்வாறு தோன்றின, சான்றிதழ் எதனை மெய்ப்பிக்கிறது, எதனை மெய்ப்பிக்க இயலாது, நம் நாட்டுச் சட்டங்கள் எத்தகைய பயிற்சியை வேண்டுகின்றன, அப்பயிற்சியில் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் உரிய பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மக்கள் கணக்கெடுப்பு கற்பித்த பாடம்

இப்பயிற்சி நம் நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டிலேயே, அதாவது 1948-ல், மக்கள் கணக்கெடுப்புச் சட்டம் நிறைவேறியது. கணக்கெடுப்பு அதிகாரி தாம் அறிந்த விவரத்தை அனுமதியின்றி வெளியிடுவது அச்சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாகும். அதன் 15-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கணக்கெடுப்பாளர் தம் கடமையின்பொருட்டு எழுதிய ஏட்டைப் பிறர் எவரும் பார்வையிட உரிமையில்லை. அதிலுள்ள பதிவைப் பொதுவாக வழக்கு மன்றத்தில் சாட்சியமாகக் கொள்வதும் இயலாது. வீட்டு வாயிலில் நின்று கேள்வி கேட்பவரிடம் ஒருவர் தம் வயதையும், தாய்மொழியையும், குடும்ப நிலையையும் அஞ்சாது கூறுவதற்கு இந்த உறுதியே அடிப்படையாகும்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 27 லட்சம் பணியாளர்கள் ஈடுபட்டனர். அவர்களுள் மிகப் பலர் பள்ளி ஆசிரியர்கள். நாடு முழுவதற்குமான பயிற்றுநர் சிலர் முதலிற் பயிற்சி பெற்று, அவர்கள் அடுத்த படியிலுள்ளோர்க்குப் பயிற்சியளித்து, அவ்வாறே படிப்படியாக இறங்கி, கடைசிக் கிராமத்துக் கணக்கெடுப்பாளர் வரையில் அப்பயிற்சி சென்று சேர்ந்தது. கேள்வியை எவ்வாறு கேட்பது, விடையை எவ்வாறு எழுதுவது என்பவற்றோடு, கேட்டதை வெளியிற் சொல்லலாகாது என்பதும் அதில் அடங்கியிருந்தது. ஆகவே, தகவலைக் காக்கும் பயிற்சி நம் நாட்டு ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே ஓரளவு பழக்கமானதே. கணக்கெடுப்பின்போது மட்டும் நினைவிற்கு வரும் அக்கடமையை எல்லாப் பதிவேடுகளுக்கும் உரியதாக விரிப்பதே இன்றைய தேவை.

கணக்கெடுப்பிற்கும் தரவுச் சட்டத்திற்கும் உள்ள உறவு வேறு நாடுகளிலும் காணப்படுவதே. மேற்கு ஜெர்மனியில் 1983-ஆம் ஆண்டு நடைபெறவிருந்த மக்கள் கணக்கெடுப்பை எதிர்த்துப் பலர் வழக்குத் தொடுத்தனர். கணக்கெடுப்பில் கிடைக்கும் விவரங்களைக் கொண்டு உள்ளூர்ப் பதிவேடுகளைத் திருத்தவும் அந்நாட்டுச் சட்டம் இடமளித்திருந்தது. புள்ளிவிவரத்திற்கென்று பெற்ற தகவலை நிர்வாகத்தின் வேறு காரியத்திற்குத் திருப்பிவிடுவது முறையாகாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1983 டிசம்பர் 15-ஆம் நாள் தீர்ப்பளித்தது. தம்மைப் பற்றிய விவரம் எவரிடம், எதற்காகச் செல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அடிப்படையில் அவரவருக்கே உரியது என்னும் கொள்கையை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. கணக்கெடுப்பு பின்னர் 1987-ல் திருத்திய முறையில் நடந்தது. எதற்காகக் கேட்டோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்துதல் என்ற விதி, இன்று உலகில் நடைபெறும் தரவுப் பாதுகாப்புப் பயிற்சிகளில் முதற்பாடமாக விளங்குகிறது.

தொழில் தோன்றிய வரலாறு

உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1970-ல் மேற்கு ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில் இயற்றப்பட்டது. ஒரு நாடு முழுவதற்குமான முதற் சட்டத்தை 1973-ல் ஸ்வீடன் இயற்றியது. 1977-ல் மேற்கு ஜெர்மனி இயற்றிய கூட்டாட்சிச் சட்டம், குறிப்பிட்ட அளவிற்கு மேல் ஊழியர்களைக் கொண்ட தனியார் நிறுவனங்கள் தரவுக் காப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்று விதித்தது. அவ்வதிகாரிக்கு இரண்டு தகுதிகள் கூறப்பட்டன. ஒன்று, துறையறிவு, மற்றொன்று, நம்பகத்தன்மை. அறிவைத் தேர்வு வைத்து அளந்துவிடலாம். நம்பகத்தன்மையை அளக்கும் தேர்வு எங்குமில்லை. தரவுக் காப்புத் தொழிலின் அடிப்படைச் சிக்கல் இவ்விரு சொற்களிலேயே அடங்கியுள்ளது.

ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் இயற்றி, 2018 மே 25 முதல் நடைமுறைப்படுத்திய பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, இவ்வதிகாரியின் பதவியை ஒன்றியம் முழுவதற்கும் உரியதாக்கியது. நீதித்துறைப் பணியாற்றும் நீதிமன்றங்கள் நீங்கலாக, பொது அதிகார அமைப்புகள் யாவும் அவரை நியமித்தல் வேண்டும். சட்டத்திலும் நடைமுறையிலும் அவருக்குச் சிறப்பறிவு இருத்தல் வேண்டும் என்று அது கூறுகிறதேயன்றி, இன்ன பட்டமோ சான்றிதழோ கட்டாயம் வேண்டும் என்று கூறவில்லை. மேலும், அவர் தம் கடமையைச் செய்தமைக்காக அவரைப் பதவி நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றும் அது காப்பளிக்கிறது. நிறுவனத்தின் ஏனைய ஊழியர்களுக்கு விழிப்பூட்டுவதும் பயிற்சியளிப்பதும் அவருடைய பணிகளுள் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே, தரவுக் காப்பு அதிகாரி தாம் கற்பதோடு நின்றுவிடாமல், பிறர்க்குக் கற்பிப்பவராகவும் இருத்தல் வேண்டும்.

சான்றிதழ்கள் எதனை மெய்ப்பிக்கின்றன

சட்டம் ஒரு குறிப்பிட்ட சான்றிதழைக் கேட்காவிடினும், பணிக்கு ஆள் தேடுவோர் ஏதேனும் ஓர் அளவுகோலை நாடுவது இயல்பு. அமெரிக்காவில் 2000-ல் தோன்றிய பன்னாட்டுத் தனியுரிமை வல்லுநர் சங்கம், சட்டம், நிர்வாகம், தொழில்நுட்பம் என்ற மூன்று துறைகளிலும் தனித்தனியே தேர்வுகளை நடத்திச் சான்றிதழ் வழங்குகிறது. ஸ்பெயின் நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2017-லும், பிரான்ஸ் நாட்டு அமைப்பு 2018-லும் தரவுக் காப்பு அதிகாரிகளுக்கான சான்றளிப்புத் திட்டங்களை வகுத்தன. இந்தியாவில், மென்பொருள் தொழிற்கூட்டமைப்பான நாஸ்காம் 2008-ல் நிறுவிய இந்தியத் தரவுப் பாதுகாப்புக் கழகமும் இத்தகைய சான்றிதழ்களை வழங்கி வருகிறது.

இவற்றுள் பிரான்ஸ் நாட்டுத் திட்டத்தின் அமைப்பு சிந்தித்தற்குரியது. தேர்வெழுத வருபவர், தரவுப் பாதுகாப்புப் பணியில் இரண்டாண்டு அனுபவம் உடையவராக இருத்தல் வேண்டும். அன்றேல், வேறு பணியில் இரண்டாண்டு அனுபவமும் குறைந்தது 35 மணி நேரப் பயிற்சியும் பெற்றிருத்தல் வேண்டும். சான்றிதழ் மூன்றாண்டுக் காலத்திற்கே செல்லும். அதன் பின்னர் அதனைப் புதுப்பிக்க வேண்டும். இச்சான்றிதழைப் பெறாதவரும் தரவுக் காப்பு அதிகாரியாகப் பணியாற்றத் தடையில்லை. இதிலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது, பணியனுபவமும் வேண்டும். சட்டமும் தொழில்நுட்பமும் மாறிவருவதால் ஒரு முறை கற்றது என்றென்றைக்கும் போதியதாகாது. சான்றிதழ் ஒரு சாட்சியமே தவிர, அதுவே தகுதியாகிவிடாது.

இன்னொரு வேறுபாட்டையும் மனத்திற் கொள்ள வேண்டும். ஒரு மனிதருடைய அறிவிற்கு வழங்கும் சான்றிதழ் வேறு. ஒரு நிறுவனத்தின் நடைமுறைக்கு வழங்கும் சான்றிதழ் வேறு. பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பு 2019-ல் வெளியிட்ட 27701 என்னும் எண்ணுடைய தரம், பின்னதற்கு எடுத்துக்காட்டு. ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் பெற்ற அதிகாரி ஒருவர் அமர்ந்திருப்பதனால் அங்குள்ள அலமாரிகள் பூட்டப்பட்டுள்ளன என்று பொருளாகாது. மருந்துக் கடையில் பட்டயம் சுவரில் தொங்குவதும், மருந்து முறையாகக் கொடுக்கப்படுவதும் எவ்வாறு இரு வேறு செய்திகளோ, அவ்வாறே இதுவும் ஆகும்.

காக்கும் கடமை

இனி நம் நாட்டுச் சட்டத்தை நோக்குவோம். ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய ஆயம், தனியுரிமை ஓர் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதனைத் தொடர்ந்து, நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் அமைந்த குழு 2018-ல் தன் அறிக்கையை அளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டு 11-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சில பிரிவுகள் உடனடியாகவும், பெரும்பாலான கடமைகள் 18 மாதங்கள் கழித்தும், அதாவது 2027 மே மாதத்திலும், நடைமுறைக்கு வருமாறு அவை வகுக்கப்பட்டன.

இச்சட்டத்தின் சொற்களைத் தமிழிற் பெயர்க்கும்போது ஒரு செய்தி தெளிவாகும். விவரங்களைத் திரட்டி, அவற்றை எதற்காகப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவரை இச்சட்டம் 'டேட்டா ஃபிடூஷியரி' என்கிறது. பிறர் பொருளை அவர் நன்மைக்காகத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் என்பது அதன் கருத்து. உரிமையாளர் என்று அதனைப் பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். நம் பழைய மொழியில் இதற்குக் 'கையடை' என்ற சொல் உண்டு. நம்பிக் கையில் ஒப்படைத்த பொருள் என்பது அதற்கு அர்த்தம். பதிவேட்டிலுள்ள விவரம் அலுவலகத்தின் சொத்தன்று, மக்கள் ஒப்படைத்த கையடைப் பொருள் என்ற ஒரு கருத்தை மாணாக்கரும் பணியாளரும் உணர்ந்துவிட்டால், சட்டத்தின் பாதியைக் கற்றவராவர்.

சட்டத்தின் முக்கிய ஏற்பாடுகள் சிலவற்றைச் சுருங்கக் கூறுவோம். இசைவு பெற்று விவரம் திரட்டும்போது, எவ்விவரம், எதற்காக என்பதை அறிவிப்பின் மூலம் தெரிவிக்க வேண்டும். அவ்வறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ பெறும் வாய்ப்பை அளித்தல் வேண்டும். இசைவு தடையற்றதாகவும், குறிப்பிட்ட நோக்கத்திற்கு உரியதாகவும், அறிந்து அளித்ததாகவும் இருத்தல் வேண்டும். அரசாங்கத்தின் உதவித் தொகை, மானியம் முதலியன வழங்குதல், மருத்துவ அவசரம், தொற்றுநோய், பேரிடர் போன்ற சில காரியங்களுக்கு இசைவின்றியும் விவரத்தைப் பயன்படுத்தலாம். ஆயினும், இசைவு வேண்டாம் என்பதனால் காவலும் வேண்டாம் என்று கருதிவிடலாகாது. தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரையிலும், கசிவு நேர்ந்தால் அதனைத் தெரிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரையிலும் தண்டத் தொகை விதிக்கலாம். கசிவால் பாதிக்கப்பட்டோர்க்குத் தாமதமின்றி அறிவிப்பதோடு, விரிவான விவரங்களை 72 மணி நேரத்திற்குள் தரவுப் பாதுகாப்பு வாரியத்திற்கு அளிக்க வேண்டும் என விதிகள் கூறுகின்றன.

18 வயது நிறையாதவர் அனைவரும் இச்சட்டத்தில் குழந்தைகளே. அவர்களுடைய விவரங்களைக் கையாளுவதற்குப் பெற்றோரின், சரிபார்க்கத்தக்க இசைவு பொதுவாக வேண்டும். கல்வி நிலையங்களுக்குக் கல்விப் பணியின் பொருட்டும் மாணவர் நலனைக் காக்கும் பொருட்டும் விதிகளில் சில விலக்குகள் உண்டு. அவ்விலக்கு அக்காரியங்களின் எல்லைக்குள் மட்டுமே செல்லும்.

பெருமளவில் தரவுகளைக் கையாள்வதனால் முக்கியமானவை என்று மத்திய அரசாங்கம் அறிவிக்கும் அமைப்புகள், இந்தியாவில் இருக்கும் தரவுக் காப்பு அதிகாரி ஒருவரை நியமித்தல் வேண்டும். அவர் இன்ன தேர்வில் தேறியவராக இருக்க வேண்டும் என்று நம் சட்டமும் வரையறுக்கவில்லை. ஆகவே, தகுதியான பயிற்சியைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு, நியமிப்போரையும் கற்போரையுமே சார்ந்துள்ளது.

இச்சட்டம் மின்னணு வடிவிலுள்ள விவரங்களுக்கும், தாளில் எழுதிப் பின்னர் மின்னணு வடிவிற்கு மாற்றியவற்றிற்குமே பொருந்தும். தாள் பதிவேட்டின் பக்கத்தைக் கைப்பேசியாற் படம் பிடித்த கணத்திலேயே அது மின்னணு வடிவம் பெற்றுவிடுகிறது என்பதைக் களப்பணியாளர்கள் கருத்திற் கொள்ள வேண்டும்.

கொடுக்கும் கடமை

தகவல் சட்டம் காத்தலை மட்டும் கற்பிப்பதாக நினைப்பது பெரும் பிழை. அதன் மறு பகுதி, கொடுத்தல் ஆகும். 1994-ஆம் ஆண்டின் இறுதியில் ராஜஸ்தான் மாநிலத்தின் கோட் கிரானா என்னும் ஊரில் மக்கள் விசாரணைக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. பொதுப்பணிகளின் கூலிப் பட்டியல்களும் செலவுக் கணக்குகளும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. அப்பணிகளைக் கண்ணாற் கண்ட மக்களே கணக்கின் பொய்யை எடுத்துக்காட்டினர். இத்தகைய கூட்டங்களிலிருந்து வளர்ந்த இயக்கமே 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு வித்தாயிற்று. பெயர்ப் பட்டியலைப் பூட்டி வைத்திருந்தால் அந்த உண்மை வெளிவந்திராது.

2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் விடையளித்தல் வேண்டும். உயிர், சுதந்திரம் பற்றியதாயின் 48 மணி நேரத்திற்குள் அளித்தல் வேண்டும். தக்க காரணமின்றி மறுத்தால் அல்லது தாமதித்தால், நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரையில் அவ்வலுவலர்மீதே தண்டம் விதிக்கப்படும். இச்சட்டத்தின் 8-ஆம் பிரிவு 1-ஆம் உட்பிரிவின் (ஒ) என்று தமிழில் எண்ணத்தக்க பத்தாம் கூறு, தனிநபர் விவரங்களுக்கு விலக்களிக்கிறது. பொதுப்பணியோடு தொடர்பற்ற, அல்லது தனியுரிமையில் தகாதவாறு தலையிடுகின்ற விவரங்களுக்கு மட்டுமே முன்னர் அவ்விலக்கு இருந்தது. பரந்த பொது நலன் இருப்பின் அவற்றையும் அளிக்க அக்கூறிலேயே இடமிருந்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிபந்தனைகளை அகற்றி, தனிநபர் விவரம் என்ற அளவிலேயே விலக்குண்டு எனத் திருத்தியது. அத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இதனால் பெயர் உள்ள ஏடு எதனையும் கொடுக்கலாகாது என்று அலுவலர் சிலர் எண்ணக்கூடும். அது சட்டத்தை அரைகுறையாகக் கற்றதன் விளைவேயாகும். பொது நலன் தீங்கைவிட மேலோங்கி நிற்குமாயின் தகவலை அளிக்கலாம் என்ற 8-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவை அத்திருத்தம் அகற்றவில்லை. மறைக்க வேண்டிய பகுதியை நீக்கி, எஞ்சியதைக் கொடுக்கச் சொல்லும் 10-ஆம் பிரிவையும் அது தொடவில்லை. மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயன் பெறுவோர் விவரங்களையும் கேளாமலே வெளியிடச் சொல்லும் 4-ஆம் பிரிவின் கட்டளையும் அவ்வாறே உள்ளது. ஒருபுறம் வெளியிடும் கடமை, மறுபுறம் காக்கும் கடமை. இவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்கும் ஆற்றலே பயிற்சியின் பயன். இரண்டில் ஒன்றை மட்டும் கற்பிக்கும் பயிற்சி, ஒரு தட்டை மட்டும் கொண்ட தராசையே ஒக்கும்.

பொதுத் தகவல் அலுவலர்களுக்குப் பயிற்சியளிப்பதும், அதற்குரிய நூல்களைத் தயாரிப்பதும் அரசாங்கத்தின் பணி என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு கூறுகிறது. எல்லாச் சட்டங்களும் இவ்வாறு பயிற்சியைத் தம் உடலிலேயே சேர்த்துக்கொள்வதில்லை. மத்திய ஊழியர் பயிற்சித் துறை இதன்பொருட்டு இணையவழிச் சான்றிதழ்ப் பாடத்தையும் நடத்தியது. 2020-ல் ஒப்புதல் பெற்ற கர்மயோகி இயக்கத்தின் கீழ், அரசு ஊழியர் தம் இடத்திலிருந்தே கற்பதற்கான இணையத் தளமும் அமைக்கப்பட்டது.

பாடத்திட்டத்தில் இருக்க வேண்டியவை

தக்கதொரு பயிற்சியில் ஐந்து பகுதிகள் அமைதல் நன்று.

முதலாவது, சட்டம். பிரிவுகளின் எண்களை மனப்பாடம் செய்வதைவிட, அவற்றை எடுத்துப் படித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் இன்றியமையாதது.

இரண்டாவது, விவரத்தின் பயணம். ஒரு விவரம் எங்கே பிறக்கிறது, யார் யார் கைக்குச் செல்கிறது, எங்கே தங்குகிறது, எப்பொழுது அழிக்கப்படுகிறது என்பதைப் படமாக வரையப் பயில வேண்டும். தம் அலுவலகத்துப் பதிவேடு ஒன்றைக் கொண்டே இப்பயிற்சியைச் செய்யலாம். தேவையற்ற கட்டங்கள் எத்தனை என்பது அப்பொழுதே விளங்கும்.

மூன்றாவது, பாதுகாப்புத் தொழில்நுட்பம். கடவுச் சொல், மறையாக்கம், யார் எதைப் பார்க்கலாம் என்ற வரம்பு, பார்த்தவர் யார் என்ற பதிவு ஆகியவை இதில் அடங்கும்.

நான்காவது, இனங்காணுதல் பற்றிய அறிவியல். பெயரை அடித்துவிட்டால் ஆள் மறைந்துவிடுகிறார் என்பது பரவலான தவறு. அமெரிக்க அறிஞர் லட்டான்யா ஸ்வீனி, 1990-ஆம் ஆண்டு அந்நாட்டுக் கணக்கெடுப்பை ஆராய்ந்தார். அஞ்சல் குறியீட்டு எண், பிறந்த தேதி, ஆண் அல்லது பெண் என்பது ஆகிய மூன்று விவரங்களைக் கொண்டே, மக்களுள் சுமார் 87 சதவீதத்தினரைத் தனித்தனியே இனங்காணக்கூடும் என்று 2000-ல் வெளியிட்டார். நம் சிற்றூர்களுக்கு இது மேலும் பொருந்தும். நாற்பது வீடுகளே உள்ள ஊரில், 'கணவனை இழந்த 34 வயதுப் பெண், மூன்று குழந்தைகள், காசநோய்' என்று எழுதினால், பெயர் எதற்கு?

ஐந்தாவது, தீர்மானிக்கும் பயிற்சி. விடை வெளிப்படையாகத் தெரியாத வினாக்களைக் கொடுத்து, காரணம் காட்டி எழுத்தில் முடிவு கூறச் செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, உதவித் தொகை பெற்றோர் பட்டியலை ஒருவர் கேட்கிறார் என்று கொள்வோம். பெயரும் தொகையும் வெளியிடப்பட்டால்தான் போலிப் பெயர்கள் அகப்படும். வங்கிக் கணக்கின் எண்ணும் கைப்பேசி எண்ணும் அச்சோதனைக்குத் தேவையில்லை. மோசடிக்காரருக்கே அவை உதவும். இன்னின்னதைக் கொடுக்கிறோம், இன்னின்னதை மறைக்கிறோம், இக்காரணத்தால் என்று எழுதத் தெரிந்தவரே பயிற்சி பெற்றவர். தாம் பெற்ற விடையைவிட, அவ்விடைக்கு அவர் காட்டும் காரணமே அவருடைய தேர்ச்சிக்குச் சான்றாகும்.

களத்திலும் வகுப்பறையிலும்

பெருந்தொகையான கணிப்பொறிக் கொள்ளைகள் பத்திரிகைகளில் இடம் பெறுகின்றன. நாள்தோறும் நேரும் சிறு கசிவுகள் இடம் பெறுவதில்லை. 2020-ஆம் ஆண்டுக் கொரோனாத் தொற்றின்போது, தனித்திருக்கப் பணிக்கப்பட்டோரின் முகவரிப் பட்டியல்கள் சில இடங்களில் வெளிப்பட்டு, கைப்பேசிகளில் பரவின. நோயைப் பற்றிய அச்சத்தோடு, அண்டை அயலாரின் ஒதுக்கலையும் அக்குடும்பங்கள் தாங்க நேர்ந்தது. இவ்வாறு நேருமானால், அடுத்த முறை நோய்க்குறி தோன்றும்போது மக்கள் பணியாளரிடம் உண்மையைக் கூறத் தயங்குவர். விவரம் கசிவதனால் முதலில் சேதமடைவது ஒருவருடைய மானம். அடுத்துச் சேதமடைவது பொதுச் சுகாதாரமே. பொய்யான விடைகளைக் கொண்டு தயாரித்த புள்ளிவிவரம் எந்தத் திட்டத்திற்கும் உதவாது.

ஆதலின், சான்றிதழ் பெறும் வாய்ப்பு இல்லாத பணியாளரும் இன்றே கைக்கொள்ளத்தக்க விதிகள் சிலவற்றைக் கூறுவோம்.

படிவத்தில் கேட்காத எதனையும் கேட்கலாகாது. கேட்கும் ஒவ்வொன்றும் எதற்காக என்பதை மக்களுக்கு விளங்கும் மொழியிற் கூற வேண்டும். ஒருவருடைய விடையை மற்றொருவர் செவியிற் படுமாறு கேட்கலாகாது. பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். பள்ளி அறிவிப்புப் பலகையில் சாதி, வங்கிக் கணக்கு, தொலைபேசி எண் ஆகியவற்றோடு கூடிய பட்டியலை ஒட்டலாகாது. ஆதார் இல்லை என்பதற்காகப் பள்ளிச் சேர்க்கையை மறுக்கலாகாது. 2018 செப்டம்பர் 26-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதனைத் தெளிவாக்கியுள்ளது. பதிவேடோ கைப்பேசியோ தொலைந்துபோனால், பழிக்கு அஞ்சி மறைக்காமல் உடனே மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மேலதிகாரிகளும், உண்மையைத் தெரிவித்தவரை முதற்குற்றவாளியாக நடத்தலாகாது. அவ்வாறு நடத்தினால், அடுத்த கசிவு ஒருபோதும் அவர்கள் செவிக்கு எட்டாது. இறுதியாக, சட்டப்படி விவரம் கேட்டு வரும் குடிமகனைச் சந்தேகக் கண்ணோடு நோக்காமல், உரிய அலுவலரிடம் ஆற்றுப்படுத்த வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இதில் இரட்டைப் பொறுப்பு உண்டு. தம் மாணாக்கரின் விவரங்களைக் காப்பதோடு, தம் விவரத்தை எவரிடம் கொடுக்கலாம் என்று கேட்டறியும் பழக்கத்தையும் மாணாக்கரிடம் அவர்கள் வளர்க்கலாம். 'இதை ஏன் கேட்கிறீர்கள்?' என்று ஒரு மாணவி பணிவோடு வினவினால், அதனை அடக்கமின்மையாகக் கருதாமல் விடை கூறுவதே அதற்குரிய முதற் பாடமாகும்.

தரவுக் காப்பு அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் நாட்டிற்குத் தேவைப்படுவர். அவர்கள் தக்க தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதும் வரவேற்கத்தக்கதே. ஆனால் மக்கள் கணக்கெடுப்பு நமக்குக் காட்டிய வழி, மேலே உள்ள சிலரிடம் நின்றுவிடாமல், பயிற்சி கடைசிக் கிராமம் வரையிற் செல்லும் வழியாகும். வீட்டு வாயிலில் நின்று விவரம் எழுதுபவர், தாம் எழுதுவது பிறருடைய கையடைப் பொருள் என்பதை அறிந்து எழுதும் நாளிலேயே, சட்டப் புத்தகத்திலுள்ள உரிமை மக்களுடைய உரிமையாகும்.